விண்வெளியில் முதன்முதலாகத் தூங்கியவர்

விண்வெளிக்கு முதன்முதலில் சென்ற மனிதர் யார் என்று கேட்டால், நீங்கள் எல்லோரும் யூரி ககாரின் என்று உடனே கையைத் தூக்கிவிடுவீர்கள். சரி, விண்வெளியில் முதன்முதலாகத் தூங்கியவர் யார்? முதன்முதலாகச் சாப்பாட்டு வேளை தவறாமல் சாப்பிட்டவர் யார்? முதன்முதலாக வாந்தி எடுத்தவர் யார்?

சிரிக்காதீர்கள்! இந்த மூன்று கேள்விக்கும் விடை ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கெர்மன் டிட்டோவ். ரஷ்யாவைச் சேர்ந்தவர். அவர் வாந்தி எடுத்ததும், அதை மறைக்காமல் சொன்னதும் விண்வெளி வரலாற்றில் எவ்வளவு முக்கியமானவை என்பதைக் கேளுங்கள்.

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, சைபீரியாவின் தெற்கே உள்ள அல்தாய் பகுதியில், வெர்க்னெயே ழிலினோ என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் பிறந்தார் டிட்டோவ். அவருடைய அப்பா ஸ்தெபான் ஒரு பள்ளி ஆசிரியர். ரஷ்ய மொழியும் இலக்கியமும் கற்பித்தவர். மகாகவி புஷ்கின் என்றால் அவருக்கு உயிர். ஆகவே புஷ்கின் எழுதிய ஒரு கதையின் நாயகன் பெயரையே மகனுக்குச் சூட்டினார். அதுதான் கெர்மன். மகள் பிறந்தபோதும் விடவில்லை. புஷ்கினின் இன்னொரு படைப்பிலிருந்து ஸெம்ஃபீரா என்ற பெயரை எடுத்து வைத்தார். நானும் ஆசிரியராக இருந்தவன் என்பதால், இந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிறுவன் கெர்மன் துறுதுறுப்பானவன். 14 வயதில் மிதிவண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டான். பிறகு விமானியாக வேண்டும் என்று ஆசை வந்தது. கை முறிந்த செய்தி தெரிந்தால் விமானப் படையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே! அதனால் அதைப் பற்றி மூச்சுவிடாமல், தினமும் உடற்பயிற்சி செய்து அந்தக் கையை வலுவாக்கிக்கொண்டான். மருத்துவர்களிடம் இப்படி மறைப்பது சரியில்லைதான். நீங்கள் யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1957இல் விமானப் படைப் பள்ளியில் தேறி, போர் விமானி ஆனார். 1960இல் சோவியத் நாடு விண்வெளிப் பயணத்துக்காக 20 இளம் விமானிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் டிட்டோவும் ஒருவர், ககாரினும் ஒருவர். பயிற்சி என்றால் லேசுப்பட்ட பயிற்சி இல்லை. ராட்டினத்தைப் போல வேகமாகச் சுழலும் கருவியில் உட்காரவைத்துச் சுற்றுவார்கள். சத்தமே நுழையாத ஓர் அறையில் பல நாட்கள் தனியாக அடைத்துவைப்பார்கள். பேச்சுத் துணைக்கு யாரும் கிடையாது. டிட்டோவ் அந்த அறையில் என்ன செய்தார் தெரியுமா? அப்பா சொல்லிக்கொடுத்த புஷ்கின் கவிதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்!

கடைசியில் முதல் பயணத்துக்கு ககாரின் தேர்வானார். டிட்டோவ் மாற்று வீரர். அதாவது, ககாரினுக்குக் கடைசி நேரத்தில் உடல்நலம் இல்லாமல் போனால் அவருக்குப் பதிலாகச் செல்ல வேண்டியவர். 1961 ஏப்ரல் 12ஆம் தேதி காலையில் அவரும் விண்வெளி உடை அணிந்து, ககாரினோடு ஏவுதளம் வரை பேருந்தில் போனார். ககாரின் ராக்கெட்டில் ஏறினார். டிட்டோவ் உடையைக் கழற்றிவைத்தார். அந்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? வகுப்பில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் முதலிடத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் புரியும்.

ஆனால் டிட்டோவைப் பின்னால் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த நிக்கலாய் கமானின், டிட்டோவ்தான் மேலும் உறுதியானவர், அவரை இதைவிடக் கடினமான பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார்.

அது என்ன கடினமான பயணம்? ஒரு முழு நாள் விண்வெளியில் இருப்பது!

ஒரு நாள்தானா என்று நினைக்கிறீர்களா? ககாரின் கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை மொத்தம் 108 நிமிடங்களே. இரண்டரை மணி நேரத் திரைப்படத்தைக்கூட அதற்குள் பார்த்து முடிக்க முடியாது. அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு எதையும் தாங்கிவிடலாம். ஆனால் ஒரு நாள் என்றால் வயிறு பசிக்கும், தாகம் எடுக்கும், சிறுநீர் வரும், கண் சொக்கும். எடையே இல்லாத இடத்தில் விழுங்கிய உணவு வயிற்றுக்குள் போகுமா? தூக்கம் வருமா? வந்தால் நல்லபடியாகக் கலையுமா? மனம் குழம்பிவிடாதா? யாருக்கும் விடை தெரியாது.

அதனால் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. மருத்துவர்கள் மூன்று சுற்றுகள் போதும் என்றார்கள். ராக்கெட்டுகளைக் கட்டிய தலைமைப் பொறியாளர் செர்கெய் கொரோலியோவ், முழு நாள் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இடையில் ஏழு, எட்டு சுற்றுகள் என்று பேரம் பேசவும் வழியில்லை. ஏன் தெரியுமா? விண்கலம் பூமியை ஒருமுறை சுற்றி வர சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பூமியும் தன்னைத்தானே 22 டிகிரி திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கலத்தின் பாதை மேற்கே தள்ளித் தள்ளிப் போகும். ஆறேழு சுற்றுகளுக்குப் பிறகு கீழே இருப்பது கடலும் வேறு நாடுகளும்தான். சொந்த நாட்டில் இறங்க வேண்டுமானால் பூமி முழுதாக ஒருமுறை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் மறுநாள் காலைதான் என்பார்களே, அதே கதை! நடுவில் உடம்புக்கு ஏதாவது வந்தால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஆபத்து அதில்தான் இருந்தது.

கொரோலியோவின் கருத்தே வென்றது. 1961 ஆகஸ்ட் 6ஆம் தேதி மாஸ்கோ நேரப்படி காலை 9 மணிக்கு, பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து வஸ்தோக்-2 கலத்தில் டிட்டோவ் புறப்பட்டார். வஸ்தோக் என்றால் ரஷ்ய மொழியில் கிழக்கு என்று பொருள். வானொலியில் அவரை அழைக்க வைத்த பெயர் கழுகு. அவருக்கு 26 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. 2021இல் 18 வயது டச்சு இளைஞர் ஒருவர் சில நிமிடங்கள் விண்வெளியைத் தொட்டுவிட்டு வரும்வரை, 60 ஆண்டுகள் விண்வெளிக்குச் சென்றவர்களில் மிக இளையவர் டிட்டோவ்தான்.

ராக்கெட்டின் கடைசிப் பகுதி அணைந்ததும் எடையற்ற நிலை தொடங்கியது. இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மேலே போனால் புவியீர்ப்பு இல்லாமல் போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் இருந்த சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு கிட்டத்தட்ட முழுதாகவே இருக்கிறது. கலம் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது போகும் வேகத்தில், விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. கலமும் உள்ளே இருப்பவரும் சேர்ந்து விழுவதால் எடை தெரிவதில்லை.

அந்த முதல் கணத்தில் டிட்டோவுக்குத் தாம் தலைகீழாகப் பறப்பது போல இருந்தது. எதிரே இருந்த கருவிகள் எல்லாம் மேலே நகர்ந்து போவது போலத் தோன்றின. சற்று நேரத்தில் அந்த மயக்கம் குறைந்தது. கலத்தைத் தம் கையால் இயக்கிப் பார்த்தார். சன்னல் வழியே பூமியைப் படம் பிடித்தார். விண்வெளியிலிருந்து மனிதர் ஒருவர் தம் கையால் எடுத்த முதல் பூமிப் படங்கள் அவைதான். சூரியன் உதித்தது, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் உதித்தது, மறுபடியும் உதித்தது. மொத்தம் 17 சுற்றுகள். இத்தனை விடியலில் எந்த விடியலுக்குப் பல் தேய்ப்பது என்று கேட்பீர்கள். அதனால் அவர் சூரியனைப் பார்க்காமல் மாஸ்கோ கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தார். இன்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் கிரீன்விச் நேரத்தை வைத்துத்தான் எழுகிறார்கள், தூங்குகிறார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது. தட்டா, இலையா? இரண்டும் இல்லை. பற்பசைக் குழாய் போன்ற குழாய்களில் கூழாக்கிய சூப்பும், ஈரல் மசியலும் இருந்தன. வாயில் வைத்துப் பிதுக்கி விழுங்க வேண்டியதுதான். கருந்திராட்சை போன்ற ஒரு பழத்தின் சாறும் உண்டு. அந்தச் சாற்றில் சில துளிகள் தப்பி, சின்னப் பழங்களைப் போல உருண்டு அவர் முகத்துக்கு எதிரே மிதந்தன. குழாயின் மூடியாலேயே அவற்றைப் பிடித்து விழுங்கினார். விழுங்கிய உணவு ஒழுங்காக வயிற்றுக்குப் போனது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இப்போது விண்வெளி உணவு எவ்வளவோ மாறிவிட்டது. 2025இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார்! ஆனால் ரொட்டித்தூள் போல உதிரும் பண்டங்களுக்கு மட்டும் இன்றும் அங்கே மரியாதை கிடையாது. தூள்கள் மிதந்து கண்ணிலும் கருவியிலும் புகுந்துவிடும்.

நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வியையும் நானே கேட்டுவிடுகிறேன். சிறுநீர் வந்தால்? டிட்டோவின் கலத்தில் அதற்கென ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க வீரர் ஆலன் ஷெப்பர்ட் 15 நிமிடப் பயணம்தானே என்று எந்த ஏற்பாடும் இல்லாமல் கிளம்பினார். ராக்கெட் புறப்படவே பல மணி நேரம் தாமதமாகி, பாவம், உடையிலேயே போக வேண்டியதாயிற்று. இப்போதைய விண்வெளிக் கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதில்லை; காற்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்தச் சிறுநீரைச் சுத்தம் செய்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், அது மிகச் சுத்தமான நீர்!

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் சுற்றியது. வயிறு புரட்டியது. பசி போய்விட்டது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். உதவிக்கு ஆள் இல்லை, எழுந்து நடக்க இடம் இல்லை. நினைத்த நேரத்தில் இறங்கவும் முடியாது.

மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது உங்களில் சிலருக்குக் குமட்டும் அல்லவா? கிட்டத்தட்ட அதுதான் இது. நம் காதுக்கு உள்ளே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படி அசைகிறது என்று மூளைக்குச் சொல்லும் ஓர் உறுப்பு இருக்கிறது. எடையற்ற நிலையில் அதற்கு மேல் எது, கீழ் எது என்று தெரிவதில்லை. கண் ஒன்று சொல்கிறது, காது இன்னொன்று சொல்கிறது. மூளை குழம்புகிறது, வயிறு கலங்குகிறது. இன்று இதற்கு விண்வெளி நோய் என்றே பெயர். அன்றைக்கு அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. முதன்முதலாக அதை அனுபவிப்பவருக்கு, இது தானாகச் சரியாகுமா, இன்னும் மோசமாகுமா என்று எப்படித் தெரியும்?

மாலை ஆறரை மணிக்குத் தூங்கும் நேரம். படுக்கை கிடையாது. இருக்கையிலேயே வார்ப்பட்டையால் கட்டிக்கொண்டு கண்ணை மூட வேண்டும். கீழே தரையில் மருத்துவர்கள் அவருடைய நாடித்துடிப்பைக் கவனித்தபடி விழித்திருந்தார்கள். தூங்கத் தொடங்கிய டிட்டோவ் நடுவில் விழித்துப் பார்த்தால், அவருடைய இரண்டு கைகளும் தாமாக எழும்பி முகத்துக்கு எதிரே மிதந்துகொண்டிருந்தன! இருட்டில் உங்கள் கையே உங்கள் எதிரே தொங்கினால் எப்படி இருக்கும்? கைகளை இழுத்துப் பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டு மறுபடி தூங்கினார். அதன் பிறகு நல்ல தூக்கம். அதிகாலை 2 மணிக்கு எழ வேண்டியவர், அரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூங்கிவிட்டார். விண்வெளியில் முதன்முதலாகத் தூங்கியவரும் அவரே, முதன்முதலாகத் தாமதமாக எழுந்தவரும் அவரே!

இன்றைக்கு விண்வெளி நிலையத்தில் தூங்குபவர்கள் சுவரில் மாட்டிய தூக்கப் பைக்குள் நுழைந்துகொள்கிறார்கள். நின்றபடியா, படுத்தபடியா என்ற பேச்சே அங்கு இல்லை. ஆனால் பக்கத்தில் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் வெளியே விடும் கரியமில வாயு நகராமல் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும்.

தூங்கி எழுந்ததும் டிட்டோவின் தலைச்சுற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது. உடம்பு புது இடத்துக்குப் பழகத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 7ஆம் தேதி காலை, 17 சுற்றுகளும், சுமார் 7 லட்சம் கிலோமீட்டர் தொலைவும் கடந்து, கலம் பூமியை நோக்கித் திரும்பியது. அந்தக் காலத்துக் கலம் தரையில் மோதும்போது உள்ளே ஆள் இருந்தால் அடிபடும். அதனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்திலேயே அவர் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்கினார். சரதோவ் பகுதியில் கிராஸ்னி கூத் என்ற ஊருக்கு அருகே, ஒரு ரயில் பாதையின் பக்கத்தில் வந்து விழுந்தார். பயணம் மொத்தம் 25 மணி 18 நிமிடங்கள்.

இப்போது அந்த மணிக்கட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அன்று சிறுவனாக இருந்தபோது மறைத்தது போல, இந்த வாந்தியையும் மறைத்திருக்கலாம். கலத்துக்குள் அவரைத் தவிர யாரும் இல்லையே. உலகமே அவரை மாலையிட்டுக் கொண்டாடக் காத்திருந்தது. சொன்னால் வீரருக்குப் பலவீனம் என்று பேசுவார்கள். இனி மேலே அனுப்பாமலும் போகலாம். ஆனாலும் டிட்டோவ் மருத்துவர்களிடம் எதையும் விடாமல் சொன்னார். எந்த நேரத்தில் தலை சுற்றியது, எப்படி அசைந்தால் அதிகமானது, தூக்கத்துக்குப் பிறகு எப்படிக் குறைந்தது என்று எல்லாவற்றையும்.

அதற்குப் பரிசு கிடைத்ததா என்றால், உடனே கிடைக்கவில்லை. சிலர் இது டிட்டோவுக்கு மட்டும் உள்ள குறை என்றே நினைத்தார்கள். ஆனால் மருத்துவர்கள் அவர் சொன்னதை ஒதுக்கிவிடவில்லை. அடுத்து போகும் வீரர்களுக்கு உடல் சமநிலைப் பயிற்சியை அதிகமாக்கினார்கள். அதற்குப் பிறகு, சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1962 ஆகஸ்டில்தான் நிக்கலாயெவும் பப்போவிச்சும் சென்று மூன்று, நான்கு நாட்கள் நல்லபடியாகத் தங்கி வந்தார்கள். 1964இல் சென்ற வேறு சில வீரர்களுக்குத் தலை சுற்றியபோது, டிட்டோவ் மட்டும் விதிவிலக்கு இல்லை என்று புரிந்தது. விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் இரண்டு மூன்று நாட்கள் இந்தத் தொல்லை வருகிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். 1984இல் நம் ராகேஷ் சர்மா விண்வெளியில் யோகாசனம் செய்து பார்த்ததும், எடையற்ற நிலைக்கு உடம்பைப் பழக்க அது உதவுமா என்று அறியத்தான்.

டிட்டோவ் பல நாடுகளுக்கு விருந்தினராகச் சென்றார். 1962இல் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். அதே ஆண்டு வியட்நாம் சென்றபோது, அந்நாட்டின் தலைவர் ஹோசிமின் அவரை ஹாலோங் விரிகுடாவுக்கு அழைத்துப்போய், அங்குள்ள ஒரு குட்டித் தீவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். வியட்நாம் மக்கள் வாயில் அது டிடோப் தீவு! இன்றும் சுற்றுலாப் பயணிகள் அதன் படிகளில் ஏறிக் கடலைப் பார்க்கிறார்கள். நிலாவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது.

ஆனால் அவர் மனம் மறுபடி விண்வெளிக்குப் போவதிலேயே இருந்தது. விமானம் போலவே தரையிறங்கும் ஒரு விண்கலத் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பயிற்சி செய்தார். 1968இல் ககாரின் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். இன்னொரு வீரரையும் இழக்க யாருக்கும் துணிவு இல்லை. டிட்டோவின் பயணக் கதவு மூடப்பட்டது. 1970இல் விண்வெளி வீரர் குழுவிலிருந்து விலகி, ராணுவத்தின் விண்வெளிப் பிரிவில் பொறுப்புகளை ஏற்றார். தளபதி நிலைக்கு உயர்ந்தார். 1995இல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். விண்வெளியில் அவர் வாழ்ந்தது அந்த 25 மணி நேரம் மட்டும்தான்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி, மாஸ்கோவில், 65ஆவது வயதில் டிட்டோவ் காலமானார். அதற்குச் சரியாக 43 நாட்கள் கழித்து, நவம்பர் 2ஆம் தேதி, இரண்டு ரஷ்யர்களும் ஓர் அமெரிக்கரும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். அன்று இரவு அங்கேயே தூங்கினார்கள். அன்று முதல் இன்று வரை, விண்வெளியில் யாருமே தூங்காத ஓர் இரவுகூட வந்ததில்லை.